ஆடித் தள்ளுபடியில் வாங்கிய டிவி, 14 மாதத்தில் கோடு: கூடுதல் வாரண்டிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறது கடை

ஈரோட்டுக்காரன்:

கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆடித் தள்ளுபடியில் ஊரிலேயே பெரிய ஷோரூம் ஒன்றில் 55 இஞ்ச் டிவி வாங்கினோம். 46,990 ரூபாய். பில் போடப் போகும்போது கவுண்டரில் இருந்த பையன், கம்பெனி வாரண்டி ஒரு வருடம்தான் சார், அதற்கப்புறம் பேனல், அதாவது திரை, போனால் டிவி விலையில் முக்கால்வாசி கேட்பார்கள், 3,999 கட்டிவிட்டால் மேலும் இரண்டு வருடம் கவலையே வேண்டாம் என்றான். பேனலும் சேர்த்துத்தானே என்று இரண்டு தடவை கேட்டேன். "எல்லாமே கவர் ஆகிடும் சார்." அப்பா பக்கத்தில்தான் நின்றார். நாலாயிரத்துக்குப் பார்த்து நாற்பதாயிரத்தை விட்டுவிடாதே என்று அவரும் சொல்ல, கட்டிவிட்டேன்.

இப்போது புரட்டாசி. 14 மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் திரையின் இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு வந்தது, தையல் நூல் தடிமன்தான், செய்தி வாசிக்கிறவர் தோளை உரசிக்கொண்டு நின்றது. ஒரே வாரத்தில் அது நாலு கோடானது. இப்போது இடது ஓரம் ஒரு கை அகலத்துக்கு மங்கிப்போய், டிவி சூடானதும் துடிக்க ஆரம்பிக்கிறது.

கடைக்குப் போனேன். ஒரு வருடம் முடிந்துவிட்டது, இனிமேல் இது வாரண்டி பிளான் கம்பெனி சமாச்சாரம், அவர்கள் வேறு நாங்கள் வேறு என்று சொல்லி ஒரு நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த நம்பரில் பேசி ஒன்பது நாள் கழித்து ஒருவர் வந்தார். செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தார், இரண்டு போட்டோ எடுத்தார், ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார், வந்து பார்த்ததற்கான கையெழுத்துதான் என்று நினைத்துப் போட்டேன். அன்று ராத்திரியே எஸ்.எம்.எஸ். வந்தது: "வெளிப்புறச் சேதம், கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது." தாளை அப்புறம்தான் படித்தேன். அதில் அந்த ஆள் 'பிசிக்கல் டேமேஜ்' என்று எழுதி, அதற்குக் கீழேதான் என் கையெழுத்து இருக்கிறது. டிவி சுவரில் மாட்டியது. யாரும் தொட்டதுகூடக் கிடையாது.

திரும்பக் கூப்பிட்டுச் சண்டை போட்டதில் இன்னொன்று தெரிந்தது. கிளெய்ம் ஒத்துக்கொண்டாலும் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்களாம், அதுவும் பணமாக இல்லை, அதே கடையில் செலவு செய்கிற மாதிரி கூப்பனாக. இது எதுவும் கவுண்டரில் சொல்லவில்லை. மெயிலில் அன்றைக்கே 11 பக்க பி.டி.எஃப். ஒன்று வந்திருக்கிறது, நான்தான் திறக்கவில்லை.

கேள்வி இதுதான். பணம் வாங்கிய கடைக்குப் பொறுப்பே கிடையாதா? கையெழுத்துப் போட்டுவிட்டதால் என் கதை முடிந்ததா? நாலாயிரம் போய் இப்போது நாற்பதாயிரமும் போகிறது என்று அப்பா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.


கவுண்டரில் நின்றவன்:

அந்தப் பையன் இடத்தில் ஆறு வருடம் நின்றவன் நான், வேறு ஊர், வேறு கடை. அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

டிவியில் கடைக்கு நிற்கிற லாபம் ரொம்பக் கம்மி, பக்கத்துக் கடை 500 குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும். இந்தத் தாளில்தான் காசு. சாயங்காலம் மீட்டிங்கில் மேனேஜர் எத்தனை டிவி விற்றாய் என்று கேட்க மாட்டார், எத்தனை 'அட்டாச்' என்றுதான் கேட்பார். அதாவது எத்தனை டிவியோடு பிளானைச் சேர்த்துக் கட்டி அனுப்பினாய் என்று. எனக்கு ஒரு பிளானுக்கு 120 ரூபாய் வரும், டிவிக்கு ஒன்றும் கிடையாது. இ.எம்.ஐ.யில் வாங்குகிறவர்களிடம் மாதத்துக்கு நூற்றைம்பதுதான் சார் கூட என்று சொல்லிச் சேர்த்துவிடுவோம், சிலர் பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அந்தப் பி.டி.எஃப்.பை ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் முழுதாகப் படித்ததில்லை, எனக்கு யாரும் படித்தும் காட்டவில்லை. "எல்லாமே கவர் ஆகும்" என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம், அவ்வளவுதான்.

பிளானில் இரண்டு ஜாதி உண்டு. டிவி கம்பெனியே விற்கிற கூடுதல் வாரண்டி ஒன்று, அதே சர்வீஸ் சென்டர் ஆள் வருவான், அதே பார்ட்ஸ் போடுவான், தகராறு குறைவு. இன்னொன்று மூன்றாவது கம்பெனி பிளான். உங்களுடையது அதுதான் என்று படுகிறது. அவர்கள் உள்ளூர் மெக்கானிக்கை வேலைக்கு ஒருத்தர் என்று கூப்பிட்டு அனுப்புவார்கள், அவர் எழுதுகிற ஒரு வரியை வைத்துத்தான் அங்கே முடிவு.

இப்போது முக்கியமான விஷயம். பில்லை எடுத்துப் பாருங்கள். 3,999 அதே பில்லில் டிவிக்குக் கீழே தனி வரியாக, கடையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்கிறதா, இல்லை பிளான் கம்பெனி பெயரில் தனி பில்லா? ஒரே பில் என்றால் கடை அதை விற்றிருக்கிறது, "அவர்கள் வேறு" என்ற பேச்சு எடுபடாது. தனி பில் என்றால்கூடப் பேசி விற்றது கடை ஆள்தானே. கடையில் போய்ச் சத்தம் போடாதீர்கள், அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவோம். மெயில் போடுங்கள். எழுத்தில் வந்தால் மட்டும்தான் அது மேலே போகும்.


கேஸ்போடு:

ப்ரோ, 2019 நுகர்வோர் சட்டம் பிரிவு 86, விற்றவர் பொறுப்பு. நேரா கேஸ் போடுங்க, 5 லட்சம் நஷ்டஈடு கேளுங்க.


ஈயப்பற்று:

டிவி சர்வீஸ் பார்க்கிறேன், இருபது வருடமாக. சட்டம் தெரிந்தவர்கள் அதைச் சொல்லட்டும், நான் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பேனலின் ஓரத்தில் படத்துக்கான சிக்னலைக் கொண்டுபோகிற மெல்லிய பிலிம் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சிப். சி.ஓ.எஃப். என்போம். சூடும் குளிரும் மாறி மாறி ஏறி இறங்க அந்த ஒட்டு விட ஆரம்பிக்கும். முதலில் ஒரு கோடு, அப்புறம் நாலு, அப்புறம் அந்தப் பட்டைக்கு உரிய பகுதி முழுவதும் மங்கும். நீங்கள் சொல்கிற வரிசை அப்படியே அதுதான். சூடானதும் துடிக்கிறது என்கிறீர்களே, அதுவும் ஒத்துப்போகிறது.

அடிபட்ட பேனல் இப்படி இருக்காது. அடிபட்ட இடம் ஒன்று இருக்கும், அங்கேயிருந்து சிலந்திவலை மாதிரி விரிசல் கிளம்பும், டிவி ஓடும்போது அந்த இடம் மை கொட்டினமாதிரி கறுத்திருக்கும். டிவியை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியில் கீறல் பிடிபடும். விரிசலும் இல்லை, மைக்கறையும் இல்லை, நேர்கோடு மட்டும் மேலிருந்து கீழ்வரை என்றால் அதை வெளிப்புறச் சேதம் என்று எழுதியவர் ஒன்று தெரியாமல் எழுதியிருக்க வேண்டும், இல்லை அப்படி எழுதச் சொல்லி வந்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாராவது கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயைத் திரையில் நேராக அடித்துத் துடைக்கிறார்களா? அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கி அந்தப் பட்டைகளை அரித்துவிடும். பாதி டிவி அப்படித்தான் என்னிடம் வருகிறது. அப்படி இருந்தால் கீழ் விளிம்பில் துரு, வெள்ளைப் பூச்சு தெரியும், அது வேறு கதை.

இன்னொன்று. சென்னை ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனால் மெஷினில் வைத்து அந்த ஒட்டைத் திரும்பப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் தொழிலில் பாண்டிங் என்பார்கள், புதுப் பேனல் விலையில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் இப்போது போகாதீர்கள். யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். பின்பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூ கழன்றாலும், வெளி ஆள் கை வைத்தது என்று அவர்களுக்குச் சாக்குக் கிடைத்துவிடும்.


ஈரோட்டுக்காரன்:

நன்றி அண்ணா. அம்மாவிடம் கேட்டேன். ஸ்ப்ரே எல்லாம் கிடையாது, காய்ந்த துணிதான், பண்டிகைக்குப் பண்டிகை துடைப்பதோடு சரி என்கிறார். நீங்கள் சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கீழ் விளிம்பு சுத்தமாக இருக்கிறது.

பில்லையும் பார்த்துவிட்டேன். ஒரே பில். டிவி ஒரு வரி, "எக்ஸ்ட். வாரண்டி 2 வரு." என்று கீழே ஒரு வரி, மேலே கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் கடையுடையது. பிளான் கம்பெனி பெயர் பில்லில் எங்குமே இல்லை. பின்னால் வழக்கம்போல "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது".


தானே வாதாடியவன்:

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வக்கீல் இல்லை. ஒரு வாஷிங் மெஷினுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே வழக்கு நடத்தி ஜெயித்தவன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் பிரிவு 86 பற்றி மேலே ஒரு தம்பி எழுதியிருந்தாரே, அது இதற்குப் பொருந்தாது. அந்த அத்தியாயம் பொருளால் விளைந்த பாதிப்பைப் பற்றியது. டிவி வெடித்துத் திரைச்சீலை பற்றிக்கொண்டது, ஒருவருக்குக் காயம் என்றால் அங்கே போகலாம். டிவியே பழுதானதை அந்தச் சட்டம் 'பாதிப்பு' என்ற சொல்லுக்குள் சேர்க்கவில்லை, வரையறையிலேயே வெளியே வைத்துவிட்டது. உங்களுடையது சாதாரணப் புகார், குறைபாடுள்ள பொருள், அதைவிட முக்கியமாகச் சேவைக் குறைபாடு. பிரிவு 35-இல் தாக்கல், பிரிவு 39-இல் நிவாரணம்: பழுதை நீக்கு, மாற்றிக்கொடு, பணத்தைத் திருப்பிக்கொடு, நஷ்டஈடு கொடு, இதில் எதுவும் உத்தரவாக வரலாம்.

கடைக்குப் பொறுப்பு உண்டா என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டிவி விற்றவர் என்ற முறையில் 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, பிரிவு 16-இல், விற்கிற பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது பேசாமலே உள்ள நிபந்தனை. ஆனால் 14 மாதம் கழித்து வந்த கோடு விற்ற அன்றே உள்ளே இருந்த குறைதான் என்று நீங்கள் காட்ட வேண்டும், அது கொஞ்சம் மலையேறுகிற வேலை. அதனால் நான் அதில் தொங்க மாட்டேன். இரண்டாவதுதான் பலம். 3,999 ரூபாய் வாங்கிக்கொண்டு கடை உங்களுக்கு ஒரு சேவையை விற்றிருக்கிறது, தன் பில்லில், தன் வரி எண்ணில். பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குள் உள்ள கணக்கு. அப்புறம், அந்தப் பையன் சொன்ன வார்த்தை. பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறையைச் சொல்லும்போது "வாய்மொழியாகவோ எழுத்திலோ" சொன்னது இரண்டையுமே எடுத்துக்கொள்கிறது. கூப்பன் என்றும் தேய்மானம் என்றும் சொல்லாமல் எல்லாம் கவர் ஆகும் என்று விற்றதற்கு உங்கள் அப்பா சாட்சி. அவர் பெயரில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும், கூண்டில் ஏற வேண்டியதில்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையே இந்தச் சட்டம் நியாயமற்ற நடைமுறை என்கிறது, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள். உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது, அதனால் அதை இங்கே வாதமாக வைக்க முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறை. கடை, பிளான் கம்பெனி, டிவி கம்பெனி மூன்று பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் காட்டிவிட்டு நழுவுவார், எனக்கு அப்படித்தான் நாலு மாதம் போனது. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பிளான் கம்பெனி மும்பையில் இருந்தால் என்ன, டெல்லியில் இருந்தால் என்ன, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், 2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி அது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தே பதியலாம். பிரச்சினை வந்த நாளில் இருந்து இரண்டு வருடம் அவகாசம். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டு ஒரு புகார் எண் வாங்குங்கள். அது நீதிமன்றம் இல்லை, தபால்காரர் வேலைதான் செய்கிறது, ஆனாலும் பெரிய கடைகள் அதற்குப் பதில் சொல்கின்றன, சில சமயம் அங்கேயே முடிந்துவிடும்.

கையெழுத்து பற்றி. அதனால் கதை முடியாது. ஆனால் இன்றே மெயில் போடுங்கள்: எந்தத் தேதியில், எந்தச் சூழ்நிலையில் கையெழுத்துப் போட்டேன், தாளில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டவில்லை, திரையில் விரிசல் எதுவும் இல்லை, படங்களை இணைத்திருக்கிறேன், சேதம் எந்த இடத்தில் என்று காட்டுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் வழக்குக்காக ஜோடித்தது என்பார்கள்.

நான் தடுக்கி விழுந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மெஷினில் உற்பத்திக் குறை என்று மனுவில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன், அதைச் சொல்ல நீங்கள் யார் என்று எதிர்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டார். பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கேட்க வேண்டியது நாம், கட்டணமும் முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம். அதனால் ஈயப்பற்று மாதிரி ஒருவரிடம் திறக்காமல் பார்க்கச் சொல்லி, லெட்டர் பேடில் நாலு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், சட்டத்தில் 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று இருக்கிறது. எனக்கு ஒரு வருடம் ஏழு மாதம் ஆனது. பாதி வாய்தாக்களில் எதிர்தரப்பு அவகாசம் கேட்டதுதான் நடந்தது. மெஷின் விலையும் மேலே எட்டாயிரமும் கிடைத்தது. உத்தரவு வந்தும் பணம் வரவில்லை. நிறைவேற்று மனு போட்டேன், உத்தரவை மதிக்காவிட்டால் பிரிவு 72-இல் ஒரு மாதத்தில் இருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000-க்குக் குறையாத அபராதம். அந்த மனுவின் நகல் போன பத்தாவது நாள் காசோலை வந்தது.


ஹாரோ அக்கா:

தம்பி, நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். உங்கட சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் இந்த "அவையள் வேறு நாங்கள் வேறு" கதையை இங்கேயும் சொல்லுவினம், அதுதான் எழுதலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் வேண்டின பாத்திரம் கழுவுற மெஷின் எட்டாவது மாதம் நின்றுபோனது. கடைக்கு அடித்தால், கொம்பனிக்கு அடியுங்கோ என்றார்கள். மகள்தான் பள்ளிக்கூடத்தில் படித்ததோ என்னவோ, அம்மா, நீங்கள் காசு கொடுத்தது கடைக்கு, கொம்பனிக்கு இல்லை என்றாள். இங்கே 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் அது தெளிவாகவே கிடக்கு. பொறுப்பு விற்ற கடைக்கு. முதல் 30 நாளுக்குள் பழுது என்றால் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வேண்டலாம். ஆறு மாதத்துக்குள் வந்த பழுது என்றால் அது வேண்டும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளுவினம், இல்லை என்று காட்டுறது கடையின்ர வேலை. ஆறு மாதம் தாண்டினால் நாங்கள் காட்ட வேணும். எங்களுக்கு எட்டு மாதம் என்றபடியால் வெளியில் ஒரு திருத்துனரைக் கூப்பிட்டு 60 பவுண் கொடுத்து, பம்ப் தானாகப் பழுதானது, பாவனையால் இல்லை என்று எழுதி எடுத்தோம். அதைக் கொடுத்த பிறகு கடை சும்மா திருத்தித் தந்தது, அந்த 60 பவுணையும் தந்தது. வாரண்டி ஒரு வருடம் முடிந்தாலும் இந்த உரிமை முடியாது, இங்கிலாந்தில் ஆறு வருடம் வரை வழக்குக்குப் போகலாம், ஸ்கொட்லாந்தில் ஐந்து.

கூடுதல் வாரண்டிக்கும் இங்கே 2005-இல் இருந்து தனி ஆணை இருக்கு. பொருளின்ர விலைக்குப் பக்கத்திலேயே வாரண்டி விலையையும் போட வேணும், எழுத்தில் விலை தர வேணும், அன்றைக்கே வேண்டாமல் வீட்டுக்குப் போய் யோசித்து 30 நாளுக்குள் அதே விலைக்கு வேண்டலாம். வேண்டின பிறகும் 45 நாளுக்குள் வேண்டாம் என்றால் முழுக் காசும் திரும்ப வரும். அவசரப்படுத்தி விற்கிறதை நிறுத்தத்தான் அப்படிச் செய்தவை. அப்படியிருந்தும் கடைக்குப் போனால் விடமாட்டினம், அது வேறு கதை.

கடனட்டையில் வேண்டினீங்களோ? இங்கே 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரைக்கும் உள்ள பொருளை கடனட்டையில் வேண்டினால் அந்த அட்டைக் கொம்பனியும் கடையோடு சேர்ந்து பொறுப்பு. 1974-ஆம் ஆண்டுச் சட்டம், 75-ஆம் பிரிவு. கடை மூடிப்போனாலும் அவையிட்டப் போய் நிற்கலாம்.


உண்டியல்:

எல்லாம் சரி. நான் ஒரு கூடுதல் வாரண்டியும் வாங்குவதில்லை. பதினைந்து வருடமாக ஒவ்வொரு பொருள் வாங்கும்போதும் அவர்கள் சொல்கிற தொகையை எழுதி வைத்து அதைத் தனியாகப் போட்டுவிடுவேன். ஃபிரிட்ஜுக்கு ஒரு தடவை போர்டு மாற்றியது, ஏ.சி.க்கு கேஸ் அடித்தது எல்லாம் அதிலேயே போயிற்று, இன்னும் கையில் மிச்சம் இருக்கிறது.

"கம்ப்ரஸருக்கு 10 வருட வாரண்டி" என்பதும் இதே வகைதான். கம்ப்ரஸர் மட்டும்தான் இலவசம். கேஸ், கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் நம் தலையில். ஏழாவது வருடம் இலவசக் கம்ப்ரஸருக்கு 5,400 ரூபாய் கட்டினேன், ரசீது இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது வீட்டுக்கு வந்தால் காட்டுவேன்.


கவுண்டரில் நின்றவன்:

உண்டியல் சார் சொல்வது பெரும்பாலும் சரி. ஒரே இடத்தில் மாறுபடுகிறேன். பெரிய டிவிக்குக் கம்பெனியே கொடுக்கிற கூடுதல் வாரண்டி, பேனல் என்று எழுத்திலேயே இருந்தால், நான் வாங்குவேன், என் வீட்டு டிவிக்கு வாங்கியும் இருக்கிறேன். பேனல் ஒன்றுதான் போனால் டிவியே போனமாதிரி. மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பிளான் விற்றிருக்கிறேன், அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஈரோட்டுக்காரரே, மெயிலைக் கடை முகவரிக்கு மட்டும் போடாதீர்கள். அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலக முகவரிக்கும் போடுங்கள். கிளை மேனேஜருக்கு அங்கேயிருந்து போன் வந்தால்தான் வேலை நகரும்.


ஈரோட்டுக்காரன்:

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மூன்று பேருக்கும் மெயில் போட்டேன், பில், நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் (ஜாப் ஷீட்), டார்ச் வெளிச்சத்தில் எடுத்த ஆறு படம், கோடு துடிக்கிற வீடியோ ஒன்று. 1915-லும் பதிந்து எண் வாங்கிவிட்டேன். ரிஜிஸ்டர் தபாலிலும் கடைக்கு ஒரு நகல் அனுப்பினேன், 15 நாள் அவகாசம் கொடுத்து. அப்பாவே கையால் எழுதினார், முத்து முத்தான எழுத்து, வக்கீல் நோட்டீஸை விட அதுதான் பயமாக இருக்கிறது என்று தங்கை சொன்னாள்.

பிளான் கம்பெனி இன்னும் வாயே திறக்கவில்லை. டிவி கம்பெனி, ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது என்று ஒரு வரி. ஆனால் நேற்று கடை மேனேஜரே கூப்பிட்டார். முன்பு அந்தத் துண்டுச்சீட்டு கொடுத்த அதே ஆள்தான். "நீங்க ஏன் சார் நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே" என்கிறார்! மறுபடியும் பார்க்க ஆள் அனுப்புகிறோம், இந்தத் தடவை டிவி கம்பெனி சர்வீஸ் சென்டர் ஆளே வருவார், வெள்ளிக்கிழமை, என்றார். சரி, இதை மெயிலில் போட்டு விடுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் போடுகிறேன் என்றார், ராத்திரி வந்துவிட்டது.

கூப்பன் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா என்று வீட்டில் இரண்டு கட்சியாகி நிற்கிறது. அம்மா வாங்கிக்கொள் என்கிறார். அப்பா கூடாது என்கிறார்.


தானே வாதாடியவன்:

என்ன தொகை என்று முதலில் எழுத்தில் வரட்டும். "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்ற வார்த்தை எந்தத் தாளில் இருந்தாலும் நிறுத்தி, படித்து, ஒரு நாள் கழித்துக் கையெழுத்துப் போடுங்கள். அதில் போட்டுவிட்டால் அப்புறம் ஆணையத்துக்குப் போவது கஷ்டம். என்னைக் கேட்டால் அப்பா கட்சி. ஆனால் ஒன்றரை வருடம் டிவி இல்லாமல் இருக்கப்போவது அம்மாவும்தான்.


ஈயப்பற்று:

வெள்ளிக்கிழமை அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே டிவியைப் போட்டு வையுங்கள், சூடானால்தான் துடிக்கும், குளிர்ந்திருந்தால் கோடு மட்டும் தெரியும், பெரிதில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கதவை ஜன்னலைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்து முதலில் அதைக் காட்டுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு டார்ச்சை நீங்களே பிடித்துக் கண்ணாடியைக் காட்டுங்கள். ஜாப் ஷீட்டில் "விரிசல் இல்லை" என்ற இரண்டு வார்த்தையை அவரையே எழுதச் சொல்லிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் பேனாவை வாங்குங்கள்.